பாய்லருக்குக் கொடுத்த கை

எங்கள் ஊரில் பாய்லர் ஒழுகினால் துரைக்கண்ணுவைக் கூப்பிடுவார்கள், துரைக்கண்ணு வந்தால் முதலில் டீ குடிப்பார், டீ குடித்து முடித்தால் பெட்டியைத் திறப்பார், பெட்டி திறக்கும் சத்தம் கேட்டதும் அந்த வீட்டில் யாராவது ஒரு பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நீட்டுவாள், நீட்டிய கையின் சூட்டை வாங்கி ஈயத்தோடு சேர்த்து ஓட்டையை அடைத்துவிட்டு அவர் போய்விடுவார், அன்று சாயங்காலமே வீட்டில் எல்லோரும் வெந்நீரில் குளிப்பார்கள். பணம் வாங்கமாட்டாரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பணத்தில் சூடு ஏது என்று அவர் திருப்பிக் கேட்பார், கேட்டவர்கள் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள்.

ரிப்பேர் என்றால் ஒரு கை. புது பாய்லர் என்றால் இரண்டு கை. கோத்தகிரிக்கு மேலே, மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற எங்கள் ஊரில் இதுதான் விலை, அன்றும் இன்றும்.

கை கொடுத்தால் வலிக்காது. கொட்டாவி மாதிரி போய்விடும் என்பார்கள். கை இருக்கும், விரல் மடங்கும், வளையல் போடலாம், வெங்காயம் அரியலாம், எல்லாம் செய்யலாம், தொட்டது சுடுகிறதா குளிர்கிறதா, பூவா கல்லா என்பது மட்டும் தெரியாது. அதனால் என்ன, ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கை கொடுத்த பெண்கள் கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்குவார்கள், கல்யாணச் சமையலுக்கு அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், அவர்கள் கடைந்தால் வெண்ணெய் உருகாது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுத்தால் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வாங்குவார்கள், ஏனென்றால் பார்க்காவிட்டால் வாங்கினோமா என்று தெரியாது. குழந்தைகள் அம்மாவின் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதைப் பேசுவதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிடும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சமையல் தெரியுமா, பாட்டு வருமா என்று பேசிக்கொண்டேயிருப்பாள், பேச்சு வெறும் பேச்சுதான், பார்ப்பது கையைத்தான்.

ஆண்கள் கொடுக்கக் கூடாது என்று யாரும் எங்கும் சொன்னதில்லை. கொடுத்ததும் இல்லை.

எங்கள் வீட்டுப் பாய்லர் என் அத்தை சுலோச்சனாவின் இரண்டு கைகள். அப்பாவுக்கு அக்கா. இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம் புதுப் பாய்லர் வாங்க வேண்டியிருந்தது, அத்தைக்குப் பத்தொன்பது வயது, இன்னும் வரன் வரவில்லை, சும்மாதானே இருக்கிறாள் என்றார்கள், கொடுத்தாள். பிறகு எந்த வரனும் அமையவே இல்லை. கையைப் பிடித்துப் பார்த்த அம்மாக்கள் எல்லோரும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் பாய்லரின் குழாய் மூட்டில் ஒழுகியது, அம்மா இடது கையைக் கொடுத்தாள். எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா வலது கையால் மட்டும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன், எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அந்த வலது கையை வைத்துத்தான் அம்மா வேலை பார்த்தாள். கடைவீதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், அங்கே ரத்தம் எடுப்பது அம்மா. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு வலது ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல மெல்ல நகர்த்துவாள், ஓர் இடத்தில் விரல் நிற்கும், அங்கே ஊசி போகும், ஒரே குத்து. "ஞானம் சிஸ்டர் இருக்காங்களா?" என்று வாசலில் கேட்டு, இல்லை என்றால் ரத்தம் கொடுக்காமல் திரும்பிப்போகிறவர்கள் உண்டு. ஞானசௌந்தரி என்ற முழுப்பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான்.

நான் கோயம்புத்தூரிலிருந்து செமஸ்டர் விடுமுறைக்கு வந்தபோது பாய்லர் அடியில் ஒழுக ஆரம்பித்திருந்தது. சொட்டு கங்கில் விழுந்து உஸ் என்றது, பிறகு உஸ் என்று சொல்லவும் கங்கு இல்லாமல் அடுப்பு அணைந்தது. உறைபனிக் காலம். புல்வெளியில் காலையில் உப்புத் தூவினது போல வெள்ளையாகக் கிடக்கும்.

"கேஸ் அடுப்புல வெச்சா தண்ணி சுடாதா?" என்றேன்.

"சுடும். பாய்லர் தண்ணி மாதிரி மேலுக்கு இருக்காது," என்றார் அப்பா.

"மேலுக்கு எப்படி இருக்கும்?"

"அது குளிச்சவங்களுக்குத் தெரியும்."

"அப்ப குளிக்கறவங்க குடுக்கட்டும்."

அண்ணன் கௌதமன் சிரித்தான். "ஆரம்பிச்சுட்டா. காலேஜுல பட்டிமன்றம் இல்லைன்னா வீட்டுல வெச்சுக்குவா."

"நீ எத்தனை வாளி ஊத்தறேன்னு எனக்குத் தெரியும். பேசாதே."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்தால் முடிவு சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "எதுக்கு இப்ப சண்டை? தை மாசம் தாரிணி வந்துருவா. அதுவரைக்கும் அடியில ஒரு வாளி வெச்சு ஓட்டிக்கலாம்."

தாரிணி கௌதமனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். யாரும் திடுக்கிடவில்லை. கௌதமன் செல்போனைப் பார்த்தான். அத்தை மட்டும் கொஞ்சம் யோசித்து, "வந்த அன்னைக்கே கேட்றாதே பாலு. மறுவீடு முடியட்டும். பாவம், புதுப் பொண்ணு," என்றாள். அத்தை அதை அன்போடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருத்தர் சொன்னால் எதிர்த்துப் பேசலாம், அன்போடு சொல்கிறவரிடம் எந்த இடத்தில் பிடித்து வாதாடுவது? இருந்தாலும் வாதாடினேன். தாரிணி நம் வீட்டு வெந்நீரில் இன்னும் ஒரு செம்பு கூட ஊற்றிக் குளிக்காதவள், அவள் வருவதற்கு முன்பு ஒழுகினதற்கு அவள் எப்படிப் பொறுப்பு, அப்படியானால் நாளைக்கு நான் போகிற வீட்டில் எவனோ முப்பது வருஷம் குளித்த பாய்லருக்கு என் கையா என்று கேட்டேன். அப்பா, "ஆமா," என்றார். எளிமையாக, இன்று செவ்வாய்க்கிழமையா என்று கேட்டால் சொல்வது போல.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை விரலில் கத்தி பட்டு ரத்தம் வந்திருந்தது, அவள் கவனிக்கவில்லை, நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை பாய்லருக்கு அடியில் இருந்த வாளியை எடுத்துக் கொட்டிக்கொண்டே அம்மா, "துரைக்கண்ணுவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்," என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கு வருவாரு? அடைக்கத்தான்."

"யார் குடுக்கறது?"

அம்மா வலது கையை ஒருமுறை மடக்கி விரித்தாள். "நீ ஊருக்குப் போயிட்டப்புறம் வரச் சொல்லலாம்னு இருந்தேன். அவருக்கு நாளைக்குத்தான் ஒழியுதாம்."

"அம்மா, உன் வேலை?"

"ரிசப்ஷன்ல உக்காரச் சொல்லுவாங்க. பேர் எழுதறதுதானே."

அவள் குரலில் துக்கம் இல்லை, தியாகம் இல்லை, ஒன்றுமே இல்லை, வாளியின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் போலத் தட்டையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். தாரிணியைப் பார்க்கப் போன அன்று கையைப் பிடித்துப் பார்க்க வேண்டியது மூத்தவள் என்ற முறையில் அத்தை, ஆனால் அத்தைக்கு இரண்டு கையிலும் தெரியாது, அதனால், "ஞானம், நீ பாரு," என்று சொல்லிவிட்டாள், அம்மா வலது கையால் தாரிணியின் இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா சூடா இருந்துச்சு சிந்து. இப்பத்தான் சுட்டெடுத்த அடை மாதிரி. அதைச் சொன்னதும் உங்கப்பா ஜாதகம் கூடக் கேக்கலை. பாத்துச் சொன்னவ நான். அப்புறம் அதை வாங்கற இடத்துலயும் நானே நிக்க முடியாது."

"அதுக்கு உன் கையைக் குடுப்பியா?"

"வேற யார் குடுப்பா?"

நான் அன்று பகல் முழுவதும் பேசினேன். அப்பாவிடம் பேசினேன், அவர் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அண்ணனிடம் பேசினேன், பைக் ஓட்ட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும் என்றான், பிரேக்கைக் காலால் பிடி என்றேன். நான் கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், பேசாமல் போய்ச் சாப்பிடு என்றாள். அத்தையிடம் பேசினேன், அத்தை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரிதான் கண்ணு. ஆனா தண்ணி சுடணுமில்ல?" என்றாள். நியாயம் பேசினால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டுவிட்டு அம்மாவையே பார்த்தார்கள்.

கடைசியில் நான் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீ குடுக்க வேண்டாம்னு நான் சொல்லலை. பெட்டி திறந்த உடனே நீட்டாதே. கொஞ்ச நேரம் சும்மா இரு. என்ன நடக்குதுன்னு பாப்போம்."

"என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது."

"நடக்கலைன்னா அப்ப நீட்டிக்கோ."

துரைக்கண்ணு காலையில் வந்தார். டீ குடித்தார். டீயில் இஞ்சி போதாது என்றார், போன வீட்டில் பிஸ்கட் கொடுத்தார்கள் என்றார், இந்த ஊரில் ஒருத்தரும் நடுக்குழாய்ச் சாம்பலை ஒழுங்காகத் தட்டுவதில்லை, அதனால்தான் அடி போகிறது என்று பழி சொன்னார். பிஸ்கட் வந்தது. பிறகு காலிப் பாய்லரைக் குப்புறக் கவிழ்த்து, அடிமூட்டைத் தேய்த்து, நவச்சாரத்தைத் தூவினார், வெள்ளைப் புகை எல்லோர் கண்ணையும் கரித்தது, கரண்டியில் ஈயம் இளகிப் பளபளவென்று நடுங்கியது. பெட்டியைத் திறந்தார்.

அம்மா வலது கையை ஸ்வெட்டரின் கைக்குள் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆமை தலையை இழுப்பது போல, ஐந்து விரலும் கம்பளிக்குள் போய், கம்பளி மட்டும் தொங்கியது.

துரைக்கண்ணு பழக்கத்தில் தன் கையை நீட்டிக் காத்திருந்தார், ஒன்றும் வந்து விழவில்லை, நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வாழ்நாளில் ஒருமுறை கூடக் கேட்டிராத கேள்வி என்பதால் வார்த்தை தடுமாறி, "யாருங்க... குடுக்கறது?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஈயத்தைப் பார்த்தாள்.

"ஈயம் ஆறுது சார்," என்றார் துரைக்கண்ணு.

"ஞானம்," என்றார் அப்பா.

"சொல்லுங்க."

"ஆறுதாம்."

"தெரியுது."

அப்பா என்னைப் பார்த்தார். இது என் வேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.  பேசிப் பேசி நான் வாங்கித் தர முடியாத ஒன்றை அம்மா சும்மா நின்று வாங்கிக்கொண்டிருந்தாள், அதில் குறுக்கே விழ எனக்கு மனமில்லை. ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. ஒருவரும் அசையவில்லை, கோபத்தினால் அல்ல, அடுத்தது என்ன செய்வது என்று அந்த வீட்டில் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் எப்போதும் தெரிந்ததில்லை என்பதால்.

துரைக்கண்ணுவுக்கு எரிச்சல் வந்தது. மறுபடி உருக்கினால் ஈயம் வீணாகும், அடுத்த வீட்டுக்கு நேரமாகும். "என்னங்க இது, ஒருத்தரேதான் குடுக்கணும்னு என்ன சட்டமா? ஆளுக்குக் கொஞ்சம் வெச்சாலும் ஒட்டும். யாராச்சும் வந்து வைங்க, நான் கிளம்பணும்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஆளுக்குக் கொஞ்சம் வெச்சாலும் ஒட்டும். விரல் நுனி போதும். நாலு பேர் வெச்சா நாலு நுனி."

"அப்ப இத்தனை வருஷமா முழுக் கையை ஏன் வாங்கினீங்க?"

"குடுத்தாங்க, வாங்கினேன். யாரும் கேக்கலையே பாப்பா." அவர் கரண்டியை மறுபடி தணலில் வைத்தார். "நான் பெட்டியத் தொறக்கறதுக்குள்ள அம்மாங்க யாராச்சும் முழுசா நீட்டிடுவாங்க. நீட்டின கையத் தள்ளிவிட்டு, வீட்டுல வேற யார் இருக்கான்னு நான் கேக்க முடியுமா? அது மரியாதையா?"

அத்தை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். கல் ஈரமாக இருந்தது, புடவை நனைந்தது.

"புது பாய்லருக்கும் அப்படித்தானா?" என்று கேட்டது அம்மா.

"எதுக்கும் அப்படித்தாங்கம்மா. சூடு சூடுதானே."

ஈயம் இளகியது. அம்மா கொடுத்தாகிவிட்டது, அத்தை கொடுத்தாகிவிட்டது, மிச்சம் மூன்று பேர் என்று நான் சொன்னேன், மூணு பேர்னா ஆளுக்கு மூணு விரல் வைங்க என்றார் துரைக்கண்ணு, ஒருவரும் மறுக்கவில்லை. அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, ஏதோ கோயில் குளத்தில் இறங்குகிறவர் போலக் குனிந்து மூன்று விரலைப் பாய்லரின் செம்பு அடியில் வைத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வைத்தான். நானும் வைத்தேன். துரைக்கண்ணு ஈயத்தை ஊற்றினார். வலிக்கவில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் சட்டென்று மறந்துபோவது போல இருந்தது, இதோ இதோ என்று தேடுவதற்குள் மறந்தது என்பதும் மறந்துபோனது. பாய்லரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. துரைக்கண்ணு மிச்சமிருந்த பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அப்பா காபி ஆறிப்போய்விட்டது என்று இரண்டுமுறை திருப்பி அனுப்பினார், மூன்றாவது முறை நாக்கு வெந்துபோனது. அண்ணன் சீப்பை எடுத்தோமா என்று கையைப் பார்த்துக்கொண்டான். என் மூன்று விரல்களுக்கு ஸ்வெட்டரும் சுவரும் ஒன்றாக இருந்தன. எல்லோரும் வெந்நீரில் குளித்தோம். மறுநாள் அம்மா வழக்கம் போல வேலைக்குப் போனாள், பிறந்து சில மாதமான ஒரு குழந்தைக்கு ஒரே குத்தில் ரத்தம் எடுத்தாள் என்று வந்து சொன்னாள், சொல்லும்போது வலது கையை ஸ்வெட்டருக்கு வெளியேதான் வைத்திருந்தாள்.

விஷயம் எப்படிப் போயிற்று என்று தெரியாது, மேகம் போகிற மாதிரி எல்லா வீட்டுக்குள்ளும் போயிற்று. தெருவில் இருந்த பெண்கள் குடத்தோடு வந்தார்கள். "கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?" என்றார்கள், அவரவர் வீட்டுப் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது எங்கள் முற்றத்திலிருந்தே தெரிந்தது. குனிந்து அடிமூட்டைப் பார்த்தார்கள். மூன்று பேர் சூட்டில் ஒட்டிய ஈயம், ஒருத்தர் சூட்டில் ஒட்டிய ஈயத்தைப் போலத்தான் இருந்தது. என் கையைப் பிடித்து எந்த விரல், எந்த விரல் என்று பார்த்தார்கள், பிடித்தவர்களுக்கும் தெரியவில்லை, அந்த மூன்று விரலில் எனக்கும் தெரியவில்லை.

எதிர்வீட்டு லில்லி டீச்சர், பள்ளிக்கூடத்தில் சாக்பீஸை உடைத்து உடைத்து எழுதுகிறவர், "அப்ப அன்னிக்கே கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். எல்லோரும் காத்திருந்தோம். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். யாராவது துரைக்கண்ணுவின் பெட்டியை எடுத்துப் பள்ளத்தில் வீசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன், யாராவது வீட்டுக்குள் போய்ப் புருஷன் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. குடத்தின் தண்ணீர் தளும்பி முழங்கையில் வழிந்ததை அவர்களில் பாதிப் பேர் கவனிக்கவும் இல்லை.

முற்றம் காலியான பிறகு, அன்றும் அந்தத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து பாய்லரிடம் வந்தாள். நெருப்பு நன்றாகப் பிடித்து உள்ளே விறகு வெடித்துக்கொண்டிருந்தது. அத்தை இரண்டு உள்ளங்கைகளையும் செம்பின் வயிற்றில் வைத்தாள், கர்ப்பிணியைத் தொடுகிறவள் போல.

"சூடா இருக்கா கண்ணு?"

"இருக்கு அத்தை. கையை எடுங்க."

"எவ்வளவு?"

"நிறைய. எடுங்க அத்தை."

"நாலு பேர் இருந்தோம் அன்னைக்கு," என்றாள் அத்தை. "எங்கப்பா இருந்தாரு. எங்கம்மா இருந்தாங்க. பாலு இருந்தான், பம்பரம் விட்டுக்கிட்டு. நான் இருந்தேன்." ரேஷன் கடையில் பெயர் சொல்வது போலச் சொன்னாள். கையை எடுக்கவில்லை. நான் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. யாருடைய கையோ என்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு ஒரு கையை என் கன்னத்தில் வைத்தாள். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை கை பட்டால் ஆற்றுக் கல் பட்டது போல இருக்கும்.

"இப்ப?" என்று கேட்டாள்.

"சுடுது அத்தை."

அத்தை தலையை ஆட்டினாள், எங்கோ தூரத்து உறவுக்காரர் வீட்டில் குழந்தை பிறந்த செய்தியைக் கேட்பது போல. செம்பின் சூடு உள்ளங்கையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று இருவருக்குமே தெரியாது. ஆறும்வரை அவளும் எடுக்கவில்லை, நானும் நகரவில்லை. ஆறியதும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.